குடிக்காதவரின் தள்ளாட்டம்

இன்று காலை பிள்ளை மடுவத்தின் வாசலில் கொழுந்து லொறி வந்து நின்றது. மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கு நான் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். சூடான டீசல் நாற்றமும், சாக்குக்குள் புழுங்கிய பச்சைக் கொழுந்தின் வாசனையும் ஒன்றாகக் கலந்து கதவு வழியே உள்ளே வந்தன. என் கை அப்படியே நின்றது. எத்தனையோ வருடம் நம் வீட்டுக் கொடியில் தொங்கிய உங்கள் சட்டையின் வாசனை அது. நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று நினைக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. ஆனாலும் எட்டிப் பார்த்தேன்.

புதிதாக வந்திருக்கும் டிரைவர். பசறைப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கீழே தெரிந்த வளைவைக் கைகாட்டி, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார். "டீச்சர், அந்த முடக்குலதானே முந்தி ஒரு டிரைவர் குடிச்சிட்டு வண்டிய கான்ல எறக்குனாராம்?"

செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். "வண்டி எறங்குனது உண்ம. அவரு குடிக்கல."

"இல்ல டீச்சர், எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க…"

"எல்லாரும் சொல்லட்டும். அவரு என் வீட்டுக்காரரு. அவரு குடிக்கல."

பாவம், அந்த மனிதருக்கு முகமே மாறிவிட்டது. "தெரியாம கேட்டுட்டேன் டீச்சர்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். லொறி போன பிறகும் வாசனை போகவில்லை. பிள்ளைகள் தூங்கியதும் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கண்ணை மூடி மூன்றாவது வருடம் நடக்கிறது. அந்தப் பொய் இன்னும் சாகவில்லை என்றால், நானும் இன்னும் சாகவில்லை என்பதை உங்களிடம் சொல்லிவிடத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு முதலில் கெட்டது வலக்காதுதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வலப்பக்கம் நின்று யாராவது கூப்பிட்டால், நீங்கள் இடப்பக்கம் திரும்பித் தேடுவீர்கள். தொலைபேசி தானாக இடக்காதுக்குப் போனது. "சத்தம் கேக்குது புள்ள, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரிய மாட்டேங்குது" என்றீர்கள். அப்புறம் இரைச்சல் வந்தது. தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்றுதானே சொல்வோம்; "இந்தக் காதுக்குள்ள ஸ்டோர் ஓடுது. ஞாயித்துக்கெழமகூட லீவு இல்ல" என்று சிரித்தீர்கள்.

தோட்டத்து மருந்தகத்தில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று சொட்டு மருந்து தந்தார்கள். அழுக்கு வந்தது, செவிடு போகவில்லை. மறுபடி போனபோது வயசு என்றார்கள், லொறிச் சத்தம் என்றார்கள். நீங்கள் அங்கேயே கேட்டீர்கள்: "ரெண்டு காதும் ஒண்ணாத்தானேங்க லொறியில போகுது? ஒரு காதுக்கு மட்டும் எப்பிடி வயசாகும்?" இன்னொரு போத்தல் சொட்டு மருந்துதான் கிடைத்தது.

அப்புறம் கால். இருட்டுக் கட்டிய பாதையில் நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தீர்கள். சட்டென்று திரும்பினால் ஒரு பக்கமாகச் சாய்வீர்கள். நம் லயத்து வரிசை வீடுகளில் சாய்ந்து நடக்கிற ஆம்பிளையைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே ஒரு காரணம்தான் தோன்றும். உங்கள் அப்பா கசிப்புச் சாராயம் குடித்துச் செத்தவர். அதனாலேயே நீங்கள் கல்யாண வீட்டில்கூடச் சோடாவுக்கு மேல் எதையும் தொட்டதில்லை. அது எனக்குத் தெரியும். லயத்துக்கும் தெரியும். ஆனால் ஒருவன் தள்ளாடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அவனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

அந்த முடக்கில் என்ன நடந்தது என்று நீங்கள் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறீர்கள். மழை இல்லை, பனி இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மலை முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்ததுபோல இருந்தது. மிதித்து நிறுத்தினீர்கள். முன்சக்கரம் ஒன்று ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி வண்டி சாய்ந்து நின்றது. ஒருவருக்கும் அடியில்லை. கொழுந்துச் சாக்குகள்தான் உருண்டன. நீங்கள் கதவைத் திறந்து இறங்கி, இரண்டடி வைத்து, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அதைத்தான் கங்காணி பார்த்தார். "காலங்காத்தாலயே போட்டாச்சா?" என்று அவர் போட்ட சத்தம் மேல் மலைவரை கேட்டது.

"போலீசக் கூப்பிடுங்க, ஊதிக் காட்டுறேன்" என்று நீங்கள் கெஞ்சவில்லை, கத்தினீர்கள். யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. போலீஸ் வந்தால் லொறியின் பிரேக்கையும் டயரையும் பார்ப்பார்கள் என்பது தோட்டத்து ஆபீசுக்குத் தெரியாதா?

மூன்று நாள் கழித்து விசாரணை. மனைவி என்ற முறையில் நானும் வாசலில் நின்றேன். மேசைக்குப் பின்னால் தோட்டத்து மேனேஜர் துரை, பக்கத்தில் பெரிய கிளாக்கர், இந்தப் பக்கம் நம் தொழிற்சங்கத் தலைவர். ஒரு காகிதம் தயாராக இருந்தது. வேலை நேரத்தில் குடித்திருந்தேன், மன்னிக்க வேண்டும், இனிச் செய்ய மாட்டேன். அதில் கையெழுத்துப் போட்டால் ஒரு வாரத்தில் வேலை. போடாவிட்டால் இல்லை.

தலைவர் உங்கள் தோளைத் தொட்டார். "போட்டுட்டு வேலையப் பாருங்கண்ணே. ரெண்டு வாரத்துல எல்லாரும் மறந்துருவாங்க."

நீங்கள் சட்டைப் பையிலிருந்து லொறிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தீர்கள். "தல சுத்துற வரைக்கும் நான் வண்டியத் தொட மாட்டேங்க. பின்னாடி சாக்கு மேல பொம்பளைங்களும் ஏறி வருவாங்க, அவங்க உசிரு என் கையில இருக்கு. நீங்க எடுக்காட்டியும் சாவிய நானே குடுத்திருப்பேன். ஆனா குடிச்சேன்னு எழுத மாட்டேன்."

துரை தமிழிலேயே கேட்டார்: "அப்ப உனக்கு என்ன நோய்?"

"அதத்தாங்க எனக்கும் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

அந்தப் பதிலை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? உங்கள் குரலில் பணிவும் இருந்தது, வளைந்துகொடுக்காத ஒன்றும் இருந்தது. வேலை போனவராக வெளியே வந்தீர்கள். வாசற்படியில் சாய்ந்தீர்கள். நான் பிடித்தேன். உள்ளே யாரோ சிரித்தார்கள்.

பண்டாரவளையில் ஒரு தனியார் டொக்டரிடம் போனோம். தலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். என்ன ஸ்கேன் என்று நமக்குக் கேட்கத் தெரியவில்லை. ஸ்கேன் என்றால் எல்லாம் ஒன்றுதான், தலைக்குள் இருப்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும் என்றுதான் தோட்டத்தில் எல்லாரும் நினைத்திருந்தோம். ஒரு தனியார் நிலையத்தில் சி.டி. எடுத்தார்கள். வட்டமான இயந்திரத்துக்குள் தலையை வைத்து எடுத்து, நீங்கள் செருப்பைக் கழற்றி மாட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அறிக்கையில் ஒரே வரி: மூளையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

நல்ல செய்தி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்த நல்ல செய்திதான் நம் கழுத்தை அறுத்தது. ஆபீசில் அதைக் காட்டினோம். கிளாக்கர் வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "தலையில ஒண்ணும் இல்லன்னு நீங்க கொண்டாந்த பேப்பரே சொல்லுதே. அப்ப வேற என்ன காரணம்?" நோய் இருக்கிறது என்று நிரூபிக்கப் போய், நோய் இல்லை என்ற சாட்சியை நாமே கையில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தோம்.

அன்று மாலை உங்கள் தம்பி செல்வம் வீட்டுக்கு வந்தார். அவருக்கு உங்கள் மேல் உயிர். அதனால்தான் அப்படிக் கோபம். "அண்ணே, படம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னு வந்தாச்சு. கையெழுத்தப் போட்டுத் தொலையுங்க. மானம் மானம்னு வீட்டுல குந்திக்கிட்டு இருந்தா அடுப்பு எரியுமா?"

"காது ஏன் கேக்கலன்னு அந்தப் படம் சொல்லுச்சா?"

"இல்ல."

"கால் ஏன் சாயுதுன்னு சொல்லுச்சா?"

"இல்லண்ணே, ஆனா…"

"அப்ப அது என்னத்தப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லுது?"

செல்வம் என்னைப் பார்த்தார், நீயாவது சொல் என்பதுபோல. எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. மறுநாளே பதுளையில் அரசாங்கக் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் டொக்டரை உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை, ஆனாலும் உங்களை அவசரப்படுத்தவில்லை. அதிரும் ஓர் உலோகக் கவையை நெற்றியில் வைத்தார், காதுக்குப் பின்னால் வைத்தார். பிறகு சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உங்களை அனுப்பிச் செவிப் பரிசோதனை செய்ய வைத்தார். தாளில் இடக்காதின் கோடு நேராகப் போனது. வலக்காதின் கோடு நம் நமுனுகுல மலைச் சரிவு மாதிரி கீழே விழுந்தது. ஒரு காது மட்டும் இப்படி விழுந்தால் காரணம் தெரியாமல் விடக் கூடாது என்றார்.

நான் சி.டி. படத்தை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிங்களத்தில் சொன்னார்; நான் அதை உங்கள் இடக்காதில் தமிழில் சொன்னேன். "இந்தப் படம் பொய் சொல்லவில்லை. இதனிடம் கேட்ட கேள்விதான் வேறு. மண்டையில் வெடிப்பா, இரத்தக் கசிவா, பெரிய கட்டியா என்று கேட்டால் இது சட்டென்று சொல்லும். ஆனால் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு ஓர் எலும்புக் குழாய்க்குள் ஓடுகிறது. அந்தக் குழாய்க்குள் சின்னதாக ஒரு கட்டி இருந்தால், மருந்து ஏற்றாமல் எடுத்த சி.டி.யில் அது தெரியாமலே போகலாம்."

"அப்ப எதுல தெரியும்?" என்றீர்கள்.

எம்.ஆர்.ஐ. என்றார். காந்தத்தால் எடுக்கும் படம். அதிலும் வெறுமனே தலை என்று எழுதினால் போதாது என்று, உள்காதுக் குழாய் இரண்டையும் மெல்லிய அடுக்குகளாக எடுக்க வேண்டும், இரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றியும் எடுக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதினார். அந்த மருந்து ஏறினால் கட்டி வெள்ளையாகப் பளிச்சென்று தெரியுமாம். சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று பார்க்க இரத்தப் பரிசோதனையும் எழுதினார். "இதிலும் ஒன்றும் இல்லாமல் போகலாம்" என்று எச்சரித்தார். நீங்கள் தலையாட்டினீர்கள். வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் பிளேன்டீ குடிக்கும்போது சொன்னீர்கள்: "ஒண்ணும் இல்லன்னா சந்தோசம்தான் புள்ள. ஆனா ஆடு மேய்க்கிற எடத்துல மாட்டத் தேடிட்டு, மாடே இல்லன்னு சொல்லக் கூடாதுல்ல."

கண்டியில் படம் எடுக்கத் திகதி கிடைத்தது. அதற்குப் பல வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வாரங்களை நான் மறக்கவே மாட்டேன். நீங்கள் லயத்துக்குப் பின்னால் போஞ்சிச் செடி போட்டீர்கள். தண்ணீர் வாளியோடு சரிவில் சாய்ந்தால், கீழ் லயத்திலிருந்து விசில் வரும். கோயில் கூட்டத்தில் நீங்கள் எழுந்து பேசப் போனபோது, "உக்காருங்க, விழுந்துருவீங்க" என்று ஒருத்தன் சொன்னான். நீங்கள் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வந்ததைக் கடைசிவரை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள்.

முந்தின நாளே ரயிலேறிக் கண்டியில் நம் மகள் வீட்டில் தங்கி, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுக்கிறவர் தமிழ் பேசுகிற முஸ்லிம் ஆள். உள்ளே விடுவதற்கு முன் ஒவ்வொன்றாகக் கேட்டார். நெஞ்சுக்குள் மெஷின் வைத்திருக்கிறதா? எலும்பில் கம்பி, தகடு? எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் பட்டிருக்கிறதா?

நான் உங்கள் கையைக் கிள்ளினேன். லொறி ஷெட்டில் இரும்பு தேய்க்கும்போது கண்ணில் தூள் பட்டு, நீங்கள் ஒரு வாரம் கட்டோடு கிடந்தது எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லிவிடுங்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்றுதான் அந்தக் கிள்ளலுக்கு அர்த்தம்.

"பட்டிருக்குங்க. டொக்டர் எடுத்தாரு. எல்லாம் வந்துச்சான்னு தெரியாது" என்றீர்கள்.

அவர் பேனாவை வைத்தார். "அப்ப இப்ப உள்ள போக ஏலாது. காந்தம் சும்மா இல்ல. கண்ணுக்குள்ள ஒரு துணுக்கு இருந்தாலும் அது அசையும், பார்வையே போயிரும். மொதல்ல கண்ண எக்ஸ்ரே எடுக்கணும். இரும்பு இருந்தா இந்தப் படம் இல்ல. சி.டி.யிலயே மருந்து ஏத்தி எடுக்கலாம், ஆனா சின்னக் கட்டிக்கு அது இவ்வளவு தெளிவில்ல."

வரிசையில் நின்ற ஒருவர், "சி.டி.ய எடுத்துட்டுப் போங்க அண்ணே, அதுவும் ஸ்கேன்தானே" என்றார். நான் உங்களை முறைத்தேன். எக்ஸ்ரே அறைக்கு நடக்கும்போது உங்கள் காதில் சீறினேன்: "ஏங்க, எதுக்கு இந்த அரிச்சந்திரன் வேல?"

"பட்டது உண்மதானே புள்ள. ஒரு பொய்ய அடிக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தோம். நானே ஒரு பொய்யச் சொல்லிட்டு உள்ள போகவா?"

எக்ஸ்ரேயில் இரும்பு இல்லை. பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி உங்களை உள்ளே எடுத்தார்கள். நான் வெளியே உட்கார்ந்து அந்த இயந்திரம் தட்டுகிற சத்தத்தைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது உங்கள் முகம் வெளிறியிருந்தது, ஆனால் சிரித்தீர்கள். "டயர் வெடிச்ச லொறிய கல் ரோட்டுல ஓட்டுற மாதிரி இருந்துச்சு. நடுவுல மருந்து ஏத்துனாங்க, கை ஜில்லுன்னு போச்சு. ஆடாமப் படுத்திருந்தேன் புள்ள. நான் ஆடாம இருந்து எவ்வளவு நாளாச்சு!"

படத்தைப் பதுளை டொக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டினார். அவர் காட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சாம்பலும் கறுப்புமாக இருந்த தலைக்குள், வலக்காதுப் பக்கம், ஒரு வேர்க்கடலைப் பருப்பளவு வெள்ளை. அவர் அதன் பெயரைச் சொன்னார். செவி நரம்பின் உறையில் வளர்கிற கட்டி. புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்வது, ஆனால் விட்டுவைத்தால் மூளையை அழுத்தும். பிழைப்பாரா என்று கேட்க வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"டொக்டர், இது இருந்தா ஆளு தள்ளாடுமா?"

"தள்ளாடும். கேட்பதோடு உடம்பின் சமநிலையும் அந்த நரம்பில்தான் இருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார்.

"குடிக்காமலே?"

அவருக்கு அந்தக் கேள்வி முதலில் விளங்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் படத்திலிருந்து திரும்பி உங்களை நேராகப் பார்த்தார். பிறகு, "குடிக்காமலே" என்று தமிழிலேயே சொன்னார்.

"அத எழுதிக் குடுங்க டொக்டர்."

சாவா வாழ்வா என்பதை அதற்குப் பிறகுதான் கேட்டீர்கள். அன்று அதற்காக உங்கள் மேல் கோபப்பட்டேன். இன்று, அந்த வரிசை சரிதான் என்று தோன்றுகிறது.

ஆபீசுக்குப் போகலாம் என்றேன். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். மறுநாள் காலை பெரட்டுக் களத்துக்குப் போனீர்கள். வேலை பிரித்துக் கொடுப்பதற்காகத் தோட்டம் முழுவதும் கூடி நிற்கும் நேரம் அது. பெண்கள் கூடையோடு, ஆண்கள் கத்தியோடு, கங்காணிமார், கணக்கப்பிள்ளை, ஜீப்பில் சாய்ந்தபடி துரை. நீங்கள் நடுவில் போய் நின்றீர்கள். நான் உங்கள் முழங்கையைப் பிடித்திருந்தேன். சூரியன் அப்போதுதான் மலைக்கு மேல் வந்திருந்தது. உறையிலிருந்து படத்தை உருவி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் வெயிலுக்கு நேரே பிடித்தீர்கள்.

"எல்லாரும் பாருங்க. இந்தா, இந்த வெள்ள. இதுதான் நான் குடிச்ச சாராயம்!"

முதலில் பெண்கள் கிட்டே வந்தார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, கழுத்தை நிமிர்த்தி, உங்கள் தலைக்குள் இருந்ததை வெயிலில் பார்த்தார்கள். "இவ்ளோண்டு" என்றாள் ஒருத்தி. நம் மேல் வீட்டு மாரியாயி, "அண்ணே, எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு ஆடுறத தெனம் பாக்குறவ நான். நீங்க ஆடுனது வேற மாதிரின்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே, "அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றீர்கள். அவள் கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

துரை வந்தார். "ஆபீசுக்கு வா, பேசலாம்."

"ஆபீசுல பேசுனது போதுங்க. குடிச்சேன்னு ஊரே கேக்கச் சொன்னாங்க. இல்லன்னும் ஊரே கேக்கச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஆனால் அந்த வாரமே வேலைநீக்கத்தை எடுத்துவிட்டதாக ஆபீசிலிருந்து ஆள் வந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. அதை நீங்கள் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். துரை மாறிப் போனதும் அடுத்த துரையிடமும் கேட்டீர்கள். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதற்காகக் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

கண்டியில்தான் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது, அதோடு வலக்காதும் முழுவதுமாகப் போனது. சில மாதம் வலப்பக்க முகம் தொங்கியிருந்தது. சோறு வாயோரம் வழியும், நான் துடைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவீர்கள். சுவரைப் பிடித்து, பிறகு தடியைப் பிடித்து, பிறகு ஒன்றையும் பிடிக்காமல் நடந்தீர்கள். லொறியை மறுபடி தொடவில்லை. ஸ்டோரில் காவல் வேலை தந்தார்கள். வருடா வருடம் படம் எடுத்துப் பார்க்கப் போனபோதெல்லாம், சீட்டில் சரியான படத்தைத்தான் எழுதியிருக்கிறார்களா என்று என்னை வாசித்துச் சொல்ல வைப்பீர்கள். ஒரு தடவையும் கட்டி திரும்பி வரவில்லை. உங்களைக் கொண்டுபோனது அது அல்ல. போஞ்சிப் பாத்தியில் குனிந்திருந்தபோது நெஞ்சு நின்றது. அந்தக் கட்டியை நீங்கள் ஜெயித்துவிட்டுத்தான் போனீர்கள். இதை யாராவது மாற்றிச் சொன்னால் அவர்களையும் விட மாட்டேன்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு, காது, தலைசுற்று என்று யாருக்கு வந்தாலும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். நான் டொக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் கூடப் போவேன், கேட்பேன். போன மாதம் கீழ் டிவிஷன் சாந்தி வந்தாள். கொழுந்தெடுக்கிற பிள்ளை, கைக்குழந்தைக்காரி. இடக்காதில் இரைச்சல், கேட்பதும் குறைந்துவிட்டது. அவள் புருஷன் தெரிந்த ஓர் இடத்தில் சி.டி. எடுக்கத் திகதி வாங்கி வைத்திருந்தான். நான் அதைத் தடுத்து, முதலில் செவியைப் பரிசோதிக்கட்டும், எந்தப் படம் என்று டொக்டர் சொல்லட்டும் என்று கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே இப்போது ஒரு சின்ன வயது டொக்டர். தலைக்கு ஸ்கேன் என்று எழுத ஆரம்பித்தார். "எந்த ஸ்கேன் டொக்டர்? உள்காதுக் குழாய் தெரியுறதா?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. செவிப் பரிசோதனைத் தாளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, எம்.ஆர்.ஐ.க்கு மாற்றி எழுதினார்.

படம் வந்தது. சாந்திக்குக் கட்டி இல்லை. இரண்டு குழாயும் சுத்தம். இது வேறு ஏதோ, மருந்தும் காதுக் கருவியும் போதும் என்றார்கள். திரும்பி வரும்போது அவள் புருஷனுக்கு முகம் கறுத்துவிட்டது. "வீணா அலஞ்சோம் டீச்சர். அப்பவே சி.டி. எடுத்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தி திரும்பினாள். "இதையேதான் சொல்லியிருப்பாங்க. ஆனா நான் நம்பியிருக்க மாட்டேன். தெனம் ராத்திரி பிள்ளையப் பாத்து அழுதுக்கிட்டு கெடந்திருப்பேன். இன்னைக்குத் தூங்குவேன். அது ஒங்களுக்கு வீணா?"

அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் கைதட்டியிருப்பீர்கள்.

எல்லாரும் எனக்குச் சொல்கிறார்கள்: மனுஷனே போய்விட்டார், இனி அந்தக் கோபம் எதற்கு, ஆறட்டும் என்று. கோயில் ஐயரும் சொன்னார், மகளும் சொல்கிறாள், செல்வமும் சொல்கிறார். நீங்கள் விட்டுப்போன சட்டைகளை நான் கொடுத்துவிட்டேன். போஞ்சிப் பாத்தியை மாரியாயிக்குக் கொடுத்துவிட்டேன். இந்தக் கோபத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. காலையில் முழங்கால் வலிக்கும்போது, இன்று கிளினிக்குக்குப் போக வேண்டாம் என்று தோன்றும்போது, என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைப்பது அதுதான். ஆறவிட்டால் எனக்கு யார் துணை?

நாளைக்கு மேல் லயத்துக் கிழவர் ஒருவர் வருகிறார். அவருக்கு நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறதாம். குடிப்பார்தான், அவரே ஒத்துக்கொள்கிறார். அதற்காக அவருக்கு நோய் வரக் கூடாதா என்ன? காலை பஸ்ஸில் பதுளை கிளினிக்குக்குப் போகிறோம்.